இன்னொருத்தர் வீட்டு அம்மா

பெங்களூர் லால்பாக் பூங்காவில் காலை நேரத்தில் யார் எதிரே வந்தாலும் இன்றைக்கும் என் கண் முதலில் அவர்கள் காலுக்குத்தான் போகும். ஷூ போட்டிருந்தால் சரி, நடக்க வந்த ஆள். விசேஷத்துக்குப் போட்டுப் போகிற, குதிகால் உயர்ந்த செருப்பாக இருந்தால் மனசுக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். இந்தப் புத்தி அன்றைக்கே இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ஒக்கலிபுரத்தில், ரயில் போனால் பாத்திரங்கள் ஆடுகிற ஒரு வாடகை வீடு. அப்பா வாழ்நாளெல்லாம் பூமிக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும் அவர் கட்டிலில் ஏறிப் படுத்தார். பிறகு இறங்கவே இல்லை. சாப்பாட்டுக்குக்கூட கூப்பிட்டால்தான் திரும்புவார். அம்மா ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைக்கப் போனாள். எனக்கு ராத்திரி ஷிப்ட். அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. யாருடைய நோயைப் பற்றியும் வெளியே மூச்சு விடக் கூடாது என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த நோயாளிகளுக்கு இருந்த பாதுகாப்பு எனக்கு இல்லாமல் போனதுதான் இந்தக் கதை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. முதலில் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு தூக்கம் போனது. ஒருநாள் ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய் உட்கார்ந்தவள் எழுந்து வரவில்லை; கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வாட்ச்மேனைக் கூட்டிவந்து திறந்தார்கள். அதன்பிறகு நானும் அப்பாவைப் போலப் படுத்துவிட்டேன். வீட்டில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக் கிடந்தோம். அம்மா காலையில் எனக்கு ஒரு தட்டு, அப்பாவுக்கு ஒரு தட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் வந்தால் இரண்டும் மூடியபடியே இருக்கும்.

சர்ச்சில் ஜெபம் பண்ணிப் பார்த்தார்கள். எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். கடைசியில் அம்மா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே இருந்த டாக்டர் டிப்ரஷன் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லால்பாக்கில் என் வயசுப் பிள்ளைகள் சேர்ந்து நடக்கிற ஒரு குழு இருக்கிறது, கவுன்சலர் ஒருவர் நடத்துகிறார், அனுப்புங்கள் என்றார். அவர் சொன்ன அத்தனையிலும் அம்மா பிடித்துக்கொண்டது 'வாக்கிங்' என்ற ஒரே வார்த்தையைத்தான். சர்க்கரை வியாதிக்காரர்களை நடக்கச் சொல்வதில்லையா, அதுபோல என்று நினைத்துக்கொண்டாள். சொந்தக்காரர்களிடம் வேறு கதை. "ஒரே எடத்துல ஒக்காந்து வேலை செஞ்சி வெயிட் போட்டுட்டா, அதான் வாக்கிங் அனுப்பறேன்" என்பாள். அப்போது என் சுடிதார் ஹாங்கரில் மாட்டியது மாதிரி என் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வெயிட்டாம்!

கவுன்சலர் மேடம் ஆஸ்பத்திரிக்காரர் மாதிரியே இருக்க மாட்டார். பழைய கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு துணிப்பை. எல்லோரும் வந்து சேர்ந்ததும் "நடீரி, நடீரி" என்று கன்னடத்தில் ஒரு அதட்டல். நடக்கத் தொடங்கிவிட வேண்டும். ஜோடி ஜோடியாக, பூங்காவுக்குள் இருக்கிற பெரிய பாறை வரை ஏறி, ஏரியைச் சுற்றி, கேட்டுக்குத் திரும்ப வேண்டும். நடக்கிறபோது பேசலாம், பேசாமலும் இருக்கலாம். நீ யார், எந்த ஊர், அப்பா என்ன வேலை என்று கேட்கக் கூடாது. முகத்தைப் பார்க்க வேண்டாம், பாதையைப் பாருங்கள் என்பார். கேட்டைத் தாண்டும்போது கேட்டதையெல்லாம் உள்ளேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே உட்கார்ந்து 'சொல்லு' என்றால் அடைத்துக்கொள்கிற தொண்டை, பக்கத்தில் ஒருவர் பேசாமல் நடந்து வந்தால் தானாகத் திறந்துகொள்கிறது. என்னோடு அடிக்கடி நடந்தவன் மல்லேஸ்வரத்துப் பையன். பரீட்சை ஹாலில் கை நடுங்கிப் பேனாவைக் கீழே போட்டவன், பிறகு பரீட்சையே எழுதவில்லை. அவனிடம்தான் முதன்முதலாக அப்பாவின் சுவரைப் பற்றிச் சொன்னேன். அவன் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. "எங்க வீட்ல எனக்கு சீலிங்" என்றான். நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அன்று வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தேன்.

மெல்ல மெல்லத் தேறினேன். தட்டு காலியானது. வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வந்தேன். வாரம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். உலகத்தில் எனக்குப் பேச்சு வருகிற இடம் அது ஒன்றுதான்.

மாதக் கடைசி ஞாயிறு வீட்டாரும் வரலாம். அதற்கு மேடம் ஒரு முறை வைத்திருந்தார். யாரும் தன் வீட்டு ஆளோடு நடக்கக் கூடாது. இன்னொருத்தர் வீட்டு ஆளோடுதான் நடக்க வேண்டும். பெற்ற அம்மாவிடம் சொல்ல முடியாததை இன்னொருத்தர் அம்மாவிடம் சொல்லிவிடலாம். அந்த அம்மாவும் தன் பிள்ளை வாயால் கேட்டால் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிற விஷயத்தை அடுத்த வீட்டுப் பிள்ளை சொன்னால் பொறுமையாகக் கேட்பாள். பல வீடுகளில் இது வேலை செய்ததைக் கண்ணால் பார்த்தேன். மல்லேஸ்வரத்துப் பையனின் அப்பா அவனோடு பேசுவதையே விட்டவர். ஒரு கடைசி ஞாயிறு என்னோடு நடந்தார், பாறை ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் பையனை ஸ்கூட்டரில் அவரே கொண்டுவந்து விட்டார்.

எனக்கும் அப்படி ஒன்று நடக்க வேண்டும் என்று ஆசை. அம்மா ஒரு ஞாயிறு வந்தால் போதும். யாராவது ஒரு பிள்ளை அவளிடம் பேசும், அது எனக்காகவும் பேசியதாக இருக்கும். ஒவ்வொரு மாதமும் கெஞ்சினேன். அங்கே என்ன பேசுகிறோம் என்பதைச் சொல்லக் கூடாது என்பதால் நடக்கிற முறையை மட்டும் சொன்னேன். "என் கூட நடக்க வேணாம்மா. வேற யாரு கூடவாச்சும் நடந்தா போதும், அதுதான் ரூல்." அம்மாவுக்குச் சர்ச் இருக்கும், துணி துவைக்கிற வேலை இருக்கும், கால் வலி இருக்கும். ஆறுதலாக ஒரு 'பாக்கலாம்'கூட வராது.

அப்புறம் ஒரு மாதம், நான் கேட்காமலே, "வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வரேன்டி" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது. அம்மாவின் செருப்பு வார் அறுந்திருந்தது. நானே கொண்டுபோய்த் தைத்து வந்தேன். காலையில் அவள் என்னை மஞ்சள் சுடிதார் போடச் சொன்னாள், தலையை அவளே பின்னிவிட்டாள். அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கேட்டுக்கு உள்ளே நல்ல கூட்டம். அப்பாக்கள், அம்மாக்கள், ஒரு மாமா. ஜோடி சேருங்கள் என்று மேடம் சொன்னதும் ஒரு ஆன்ட்டி நேராக என் பக்கத்தில் வந்து நின்றார். மெரூன் பட்டுப்புடவை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, குதிகால் உயர்ந்த செருப்பு. இங்கிருந்து சர்ச்சுக்குப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். யாருடைய அம்மா என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாதே! என் அம்மா மல்லேஸ்வரத்துப் பையனோடு சேர்ந்துகொண்டாள். சரியான ஆளிடம்தான் சேர்ந்திருக்கிறாள் என்று மனசுக்குள் துள்ளினேன்.

"எனக்கு நடந்து பழக்கமே இல்லம்மா. ஸ்லோவா போலாமா?" என்றார் ஆன்ட்டி. கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ். மெதுவாக நடந்தோம். படித்தது என்ன, வேலை என்ன என்று கேட்டார். புதிதாக வருகிறவர்களுக்கு முறை தெரியாது, அதனால் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் பதில் சொன்னேன். பிறகு, "வீக்லி வர்றியா? எதுக்கும்மா, நீ ஒல்லியாத்தானே இருக்கே?" என்றார்.

எதுக்கு என்று இன்னொருத்தர் வீட்டு அம்மா கேட்டால் சொல்வதற்குத்தானே அந்த ஞாயிறு? சொன்னேன். பாத்ரூம் கதவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். குளிக்காத நாட்கள், இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றிய நாட்கள், ராத்திரி மாத்திரை, அப்பாவின் சுவர், என் சுவர், எல்லாவற்றையும் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இந்த ஆன்ட்டியின் பிள்ளை எங்கள் குழுவில் யாரோ, அதற்கு இது உதவட்டும் என்று கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன்.

பாறை மேல் ஏறியதும் அவர் நின்றுவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நான் இத யார்கிட்டயும் சொன்னதில்ல. என் ஹஸ்பண்டுக்கே தெரியாது" என்று தொடங்கி, தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொன்னார். சின்ன விஷயமில்லை. சொல்லி முடிக்கும் முன் அழுதுவிட்டார். கர்ச்சீப் அவரிடம் இல்லை; என் துப்பட்டாவைக் கொடுத்தேன். அதில் அவருடைய பவுடர் வாசனை ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த ஆறுதலையெல்லாம் சொன்னேன். இறங்கும்போது கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

கேட் பக்கம் வந்ததும் என் கன்னத்தைத் தட்டி, "காட் பிளெஸ் யூம்மா. நீ நல்லா இருப்பே" என்றார். ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். டீ குடிக்க நிற்கவில்லை, எந்தப் பிள்ளையையும் கூட்டிப்போகவில்லை. இதைக் கவனித்தேன், ஆனால் இதில் ஒன்றும் தோன்றவில்லை. நான் அப்போது தரையில் இல்லை. நோயாளியாக வந்த நான் இன்னொருவருக்கு உதவியாக இருந்துவிட்டேன், இனி எனக்கு ஒன்றுமில்லை, நான் சரியாகிவிட்டேன் என்றே நம்பினேன்.

பஸ்ஸில் அம்மா கேட்டாள். "அந்தம்மா எப்படி?"

"ரொம்ப நல்லவங்கம்மா."

அம்மாவின் முகம் மலர்ந்தது. வீட்டுக்கு வந்து சேமியா பாயசம் வைத்தாள். அப்பாகூட எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்தார்.

அந்த வாரத்து நடுவில் ஒரு சாயங்காலம் எங்கள் சர்ச்சில் வரன் பேசும் அக்கா வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அம்மா உள்ளே வந்தாள். கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வீசினாள்.

"இன்னாடி சொன்ன அந்தம்மாகிட்ட?"

எந்த அம்மா என்று புரியவே எனக்கு நேரம் பிடித்தது.

"பொண்ணுக்கு மூளை சரியில்லியாம், மாத்திரையிலதான் ஓடிகினு இருக்குதாம். பையனுக்கு வேணாம்னு சொல்லிட்டாங்க. ரிச்சர்ட்ஸ் டவுன்ல சொந்த வூடு, இன்ஜினியர் பையன். தேடி வந்த எடத்த நீயே வாயால கெடுத்துட்டியேடி!"

அம்மா வாயிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து வெளியே எடுத்தேன். எங்கள் ஜனங்களில் முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால், பையன் வீட்டார் ஒருதரம் பெண்ணுக்குத் தெரியாமல் வந்து பார்ப்பது உண்டு. சர்ச்சில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான்தான் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியிருந்தேனே! அதனால் அம்மா இடத்தை லால்பாக்குக்கு மாற்றிவிட்டாள். கூடவே நடந்து, குரல் எப்படி, குணம் எப்படி என்று பார்த்துக்கொள்ளட்டும் என்று அவளே வழியும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"ஒருத்தர் வூட்டு ஆளு இன்னொருத்தர் கூடத்தான் நடக்கணும்னு நீதானே சொன்ன?" என்றாள். "வாக்கிங் போற எடத்துல யாராச்சும் இப்படி எல்லாத்தையும் கொட்டுவாங்களா? எனக்கு இன்னா தெரியும்?"

அவளுக்குத் தெரியாதுதான். அவள் வேண்டுமென்று என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற இரண்டு பேரில் ஒருத்தியையாவது நல்ல இடத்தில் கரையேற்றிவிட நினைத்தாள். நியாயம்தான். ஆனால் நான் மாதக்கணக்கில் கெஞ்சிய ஞாயிறுக்கு வராதவள் பெண் காட்டுவதற்காக வந்தாள். பின்னிய தலையும் மஞ்சள் சுடிதாரும் அதற்குத்தான். இந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அம்மா மேல் எனக்கு வந்த கோபம் அப்படியே இருக்கிறது. அன்றிலிருந்து அவளிடம் மனசு திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தலைவலி என்றால்கூடச் சொல்ல மாட்டேன்.

ஆன்ட்டி கதை வேறு. அவருக்கு எல்லாம் தெரியும். பெண் வேண்டாம் என்பதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை; இருக்கிறதிலேயே நல்ல மருமகளைத் தேடுவது அவர் உரிமை. அவர் அங்கே நிறுத்தவில்லை. கிறிஸ்மஸுக்குள் தங்கவயல் வரை செய்தி போய்விட்டது, அதுவும் கை கால் முளைத்து. நான் ஆபீஸில் துணியைக் கிழித்துக்கொண்டு ஓடினேனாம். சித்தப்பா போன் போட்டுத் துக்கம் விசாரித்தார். முகம் தெரியாத ஜெபக்கூட்டத்தார் வீட்டுக்கு வந்து என் தலையில் கை வைத்து, என்னை விட்டு ஓடிப்போகும்படி எதற்கோ உத்தரவு போட்டார்கள். நான் ஓடவில்லை, அதுவும் ஓடவில்லை. அப்பா மட்டும் அன்றைக்குச் சுவரை விட்டுத் திரும்பி, "போங்கடா வெளிய" என்று கத்தினார். அந்த வருஷம் அவர் பேசியதில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

வரன் பேசும் அக்கா வந்துபோன அடுத்த ஞாயிறே மல்லேஸ்வரத்துப் பையன் சொன்னான். "உங்க அம்மா என்கூட ஒரு வார்த்தை பேசல. திரும்பித் திரும்பி உங்க ரெண்டு பேரையே பாத்துட்டு வந்தாங்க." மேடமிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "யாரு என்னன்னு கேக்கக் கூடாதுன்னு சொன்னது நான்தான். என் தப்பு" என்றார். வீட்டார் வரும் ஞாயிறை நிறுத்தியும்விட்டார். அதனால் எனக்கு என்ன? பழைய ஆட்கள் பக்கத்தில் நடந்தாலும் தொண்டை அடைத்துக்கொண்டது. புதிதாக யாராவது வந்தால் காலைப் பார்த்தேன். ஏரி வருகிற வரை வெயிலைப் பற்றிப் பேசுவேன், பிறகு மழையைப் பற்றி. அதற்கு எதற்கு பஸ் ஏறி லால்பாக் வரை போக வேண்டும்? போவதை நிறுத்திவிட்டேன். மாத்திரை இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து வேலைக்குப் போனேன். சரியாகத்தான் ஆனேன். ஆனால் சுலபமாக ஆகியிருக்க வேண்டியது, கஷ்டப்பட்டு ஆனேன்.

சில வருஷங்கள் கழித்து ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கல்யாணம். அப்போது நான் வேறு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தேன். சர்ச் ஹாலில் விருந்து. அம்மா என் காதருகே வந்து, "அதோ பாரு, அந்தம்மா. அவங்க வூட்டுலயும் ஏதோ சரியில்லன்னு பேசிக்கிறாங்க. அன்னிக்கு அவ்ளோ நேரம் நடந்தீங்களே, உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றாள். கண்ணில் அப்படி ஒரு ஆவல். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேக் வெட்டுவதற்குள் ஹால் முழுக்கப் பரப்பிவிடுவாள். எங்களுக்கு நடந்ததற்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

"மரத்தப் பத்தித்தான் பேசினோம்" என்றேன்.

ஆன்ட்டியும் என்னைப் பார்த்துவிட்டார். கை கழுவுகிற இடத்தில் பக்கத்தில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "எப்படிம்மா இருக்கே? அன்னைக்கு... பாறை மேல நான் சொன்னேனே. அத நீ..."

இப்போது மன்னிப்புக் கேட்பார், ஒரு வார்த்தையாவது சொல்வார் என்று என் குழாயை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். இத்தனை வருஷம் அதற்காகத்தான் காத்திருந்தேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

"...யார்கிட்டயாவது சொன்னியாம்மா?" என்று முடித்தார்.

அவ்வளவுதான். அவருடையது பத்திரமாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். என்னுடையதை ஊர் ஊராக அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது அவருக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

"இல்ல ஆன்ட்டி" என்றேன். "அங்க சொன்னத அங்கயே விட்டுட்டுப் போகணும். அதுதான் ரூல்."

அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி. "தேங்க்ஸ்மா, நீ நல்ல பொண்ணு" என்று என் கன்னத்தைத் தட்டினார். அன்றைக்குத் தட்டிய அதே கன்னம். ஈரக் கை. பிறகு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அவர் சொன்னது என்ன என்பதை இங்கேயும் எழுதப் போவதில்லை. அவர் மேல் இரக்கப்பட்டு அல்ல. அவரை நான் மன்னிக்கவும் இல்லை. அந்த ஞாயிறுகளில் எனக்குக் கிடைத்ததையெல்லாம் ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரு ரூல் மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அதையும் நானே உடைத்துவிட்டால் நான் அங்கே நடந்தேன் என்பதற்கு என்னிடம் ஒன்றுமே இருக்காது. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். கையில் இரண்டு ஐஸ்கிரீம் கப்போடு அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி கேட்டாங்க?"

"பிரியாணி நல்லா இருந்துச்சான்னு கேட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு கப்பை வாங்கிக்கொண்டேன்.